ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு குழிகள்

செக் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கி மூன்று நாளாகியிருந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது, விளக்கு மட்டும் அணையவில்லை. சரி, பிழைக்குறி என்னவென்று பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை காலை ஸ்கேனரை எடுத்து ஓபிடி போர்ட்டில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் பேசும் சாக்கெட்டில், செருகினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ப்ளூடூத் சாதனம், ஈஎல்எம்327 வகை. செருகியதும் அதில் ஒரு சிவப்புப் பொட்டு எரிய வேண்டும். எரியவில்லை. கழற்றி மறுபடி செருகினேன், அழுத்தினேன், ஆட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.

ஸ்கேனரே செத்துவிட்டதோ என்று அக்காவின் காரில் செருகினால் உடனே எரிந்தது. ஆக, கோளாறு என் வண்டிப் பக்கம். இந்த இடத்தில்தான் நிறைய பேர் "ஈசியு போயிடுச்சு போல" என்று பயந்துவிடுகிறார்கள். ஈசியு என்பது இன்ஜின் கம்ப்யூட்டர், அது உயிரோடு இருப்பதால்தான் வண்டியே ஓடுகிறது. ஸ்கேனரின் பொட்டு எரிவதற்கு ஈசியு தேவையே இல்லை. அதற்கு வேண்டியது ஒரு பாசிட்டிவ், ஒரு எர்த், அவ்வளவுதான். அதுகூட வரவில்லை என்றால் தேட வேண்டியது வயரில்.

டார்ச் பிடிக்க அக்கா மகனைக் கூப்பிட்டுக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் முதுகை வைத்துத் தலையை பெடல்களுக்கிடையே நுழைத்தேன். இந்தப் போர்ட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்கு அருகில், டேஷ்போர்டின் அடியில்தான் இருக்கும். எஸ்ஏஇ ஜே1962 என்ற தரநிலைதான் அதன் வடிவத்தையும் குழிகளின் வேலையையும் வரையறுக்கிறது. மேல் விளிம்பு அகலமாகவும் கீழ் விளிம்பு குறுகலாகவும் இருக்கும் ஒரு கட்டை, அதில் இரண்டு வரிசை, வரிசைக்கு 8 குழிகள். லாரி, பஸ் போன்ற 24 வோல்ட் வண்டிகளில் நடுவிலுள்ள பள்ளம் வேறு மாதிரி இருக்கும். கார் ஸ்கேனரைத் தவறி அதில் செருகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் போர்ட்டைத் தொங்கவிட்டேன். முன்பக்கக் குழிக்குள் மீட்டர் முனையை நுழைப்பது கெட்ட பழக்கம் (ஏன் என்று பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்), அதனால் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகி அளக்க முடிவு செய்தேன். காகிதத்தில் பதினாறு கட்டம் வரைந்தேன்: மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. 16-ஆம் பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் எந்நேரமும் இருக்க வேண்டும், சாவி போடாவிட்டாலும். மீட்டரின் கறுப்பு முனையை டேஷ்போர்டின் இரும்புச் சட்டத்தில் வைத்து, சிவப்பை 16-இல் தொட்டேன். பூஜ்யம்.

அப்புறம் 4, 5 இரண்டும் எர்த்தோடு சேருகிறதா என்று பார்த்தேன். இரண்டும் பீப் அடித்தன. படம் சரி, எர்த் சரி, பாசிட்டிவ் மட்டும் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. நான் 16 என்று குறித்த குழியில் வயரே இல்லை. ஊசி சும்மா பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள் என் படத்தின்படி 3, 11 ஆகிய குழிகளுக்குள் போயின. முறுக்கிய ஜோடி என்றாலே கேன் பஸ், வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர்கள். அது 6, 14-இல் அல்லவா இருக்க வேண்டும்?

வெட்கம்தான். நான் வரைந்தது முன்பக்கத்திலிருந்து பார்க்கும் எண்வரிசை. அளந்ததோ பின்பக்கத்தில். அங்கே எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்வலம் மாறிக் கிடக்கும்: 6 இருக்கும் இடத்தில் 3, 14 இருக்கும் இடத்தில் 11, 16 இருக்கும் இடத்தில் 9. இதில் வேடிக்கை என்னவென்றால், 4-உம் 5-உம் வரிசையின் நட்டநடுவில் இருப்பவை. திருப்பிப் பார்த்தால் 4-இன் இடத்துக்கு 5 வரும், 5-இன் இடத்துக்கு 4 வரும். இரண்டுமே எர்த். அதனால் எர்த்தை மட்டும் சோதித்து "படம் சரிதான்" என்று நம்பினால், அந்தச் சோதனை எப்போதும் பாஸாகும், படம் தலைகீழாக இருந்தாலும். எர்த்தை வைத்துப் படத்தைச் சரிபார்க்காதீர்கள். முறுக்கிய ஜோடியை வைத்துப் பாருங்கள்.

படத்தைத் திருப்பி வரைந்து, நிஜமான 16-ஐத் தொட்டேன். அங்கேயும் பூஜ்யம். தப்பான இடத்தில் அளந்தும் சரியான விடை கிடைத்திருக்கிறது!

16-ஆம் பின்னுக்கென்று தனி ஃபியூஸ் வைக்கும் வண்டிகள் உண்டு. ஆனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸையே இதற்கும் பகிர்ந்து கொடுப்பது மிகவும் சாதாரணம். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் 'ஓபிடி' என்று எங்கும் எழுதியிருக்காது. லைட்டர் படம் மட்டும் போட்டிருக்கும். அந்த 15 ஆம்பியர் ஃபியூஸை இழுத்துப் பார்த்தால் நடுவிலிருந்த கம்பி உருகிப் போயிருந்தது. ஏன் போனது என்று தெரியாமல் புது ஃபியூஸைப் போடக் கூடாது என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருக்க, டார்ச் கொஞ்சம் ஆடியது.

"மாமா, அன்னிக்கு அந்த ஓட்டைக்குள்ள காசு ஒண்ணு விழுந்துச்சு... நான் சொல்லலை."

சாக்கெட்டின் அடியில் நடுப்புள்ளிதான் பாசிட்டிவ், சுற்றுச்சுவர் எர்த். இரண்டுக்கும் பாலம் போட்ட மாதிரி நாணயம் சாய்ந்து கிடந்தது. ஃபியூஸ் வெளியில் இருக்கும்போதே பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துவிட்டுப் புது ஃபியூஸைப் போட்டேன். 16-இல் 12.52 வோல்ட் வந்தது.

மீட்டர் காட்டும் வோல்டேஜை மட்டும் நம்புகிறவன் அல்ல நான். மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்றுதான் சொல்லும். அதனால் 16-க்கும் 4-க்கும் நடுவே ஒரு 5 வாட் பல்பைக் கட்டிப் பார்த்தேன். அது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். பல்ப் பளிச்சென்று எரிந்தது, வோல்டேஜ் 12.38-இல் நின்றது. 0.14 வோல்ட் இறக்கம் எனக்குப் பொருட்டில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் எர்த் போல்ட்டையோ துருவேறிய கனெக்டரையோ தேடிப் போயிருப்பேன். 4 என்பது வண்டிச் சட்டத்தின் எர்த், 5 என்பது சிக்னலுக்கான எர்த். இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குப் போகலாம், ஆனாலும் பளு ஏற்றுவதாக இருந்தால் 4-இல்தான் ஏற்ற வேண்டும். 5-ஐ அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கேனரைச் செருகினேன். சிவப்புப் பொட்டு எரிந்தது. அக்கா மகன் கைதட்டினான். சாவியைப் போட்டு, ஃபோனில் ஆப்பைத் திறந்தேன். தேடுகிறது, தேடுகிறது... இணைய முடியவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, பதினாறு குழியில் எது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அதை வைத்துத்தான். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானபோது, போர்ட்டின் வடிவம் ஒன்றாக ஆனதே தவிர, அதற்குள் பேசும் மொழி ஒன்றாகவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் மொழியை வைத்துக்கொண்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஜே1850 என்ற மொழியின் இரண்டு வட்டார வழக்குகளைப் பேசின: ஃபோர்டின் வழக்குக்கு 2, 10 என்று இரண்டு வயர் வேண்டும், ஜெனரல் மோட்டார்ஸின் வழக்குக்கு 2 மட்டும் போதும். ஐரோப்பிய, ஆசியக் கார்கள் பல 7-ஆம் பின்னிலுள்ள கே-லைனில் பேசின. 15-இல் எல்-லைன் என்று ஒரு துணை வயர், எழுப்புவதற்கு மட்டும். இந்த எழுப்புதல் ரசமான விஷயம். பழைய முறையில் நொடிக்கு 5 பிட் வேகத்தில் ஸ்கேனர் ஒரு முகவரியைச் சொல்லும். ஒரு பிட்டுக்கு 200 மில்லிநொடி, தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட், ஆக 2 நொடி. பழைய காரில் ஸ்கேனர் இணைய ஏன் அவ்வளவு யோசிக்கிறது என்றால் இதனால்தான். எழுந்த பிறகு நொடிக்கு 10,400 பிட் வேகத்தில் பேசிக்கொள்ளும்.

6, 14 இரண்டும் கேன் பஸ். பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் டெட்ராய்ட்டில் வெளியிட்ட முறை இது. 2008 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களில் ஓபிடிக்கு இதுவே கட்டாயம். 6 கேன்-ஹை, 14 கேன்-லோ. இரண்டும் ஓய்வில் 2.5 வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். ஈசியு பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு வயரையும் ஒரே மாதிரி அசைப்பதால் வித்தியாசம் மாறாது. வயரை முறுக்கியிருப்பதும் அதற்காகவே.

மீதி 1, 3, 8, 9, 11, 12, 13 எல்லாம் நிறுவனம் இஷ்டப்படி வைத்துக்கொள்பவை. ஒரு காரில் ஏர்பேக், இன்னொன்றில் கதவுப்பூட்டுக்கான தனி பஸ், வேறொன்றில் வெறும் குழி. வேறு வண்டியின் படத்தை நம்பி இவற்றில் எதையும் இணைத்துவிடாதீர்கள்.

என் போர்ட்டில் வயர் இருந்த குழிகள் 4, 5, 6, 7, 14, 16. கேன் இருக்கிறது என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர் பெரும்பாலும் அதில்தான் பேசும். சரி, பஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். சாவி போட்ட நிலையில், பின்பக்கத்திலிருந்து ஊசி வழியாக: 6-இல் 2.63 வோல்ட், 14-இல் 2.37. மீட்டருக்குத் துடிப்புகள் தெரியாது, சராசரியைத்தான் காட்டும். ஹை பக்கம் 2.5-க்குக் கொஞ்சம் மேலே, லோ பக்கம் கொஞ்சம் கீழே, கூட்டினால் 5. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய அடையாளம் இல்லை.

அடுத்தது மின்தடை. கேன் பஸ்ஸின் இரண்டு முனைகளிலும் தலா 120 ஓம் மின்தடை இருக்கும். இரண்டும் இணையாக அமைவதால் 6-க்கும் 14-க்கும் இடையே 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதிய கார்கள் சிலவற்றில் போர்ட்டுக்கும் உள் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு கேட்வே (இரண்டு பக்கத் தகவலையும் வாங்கிக் கடத்தும் பெட்டி) உட்கார்ந்திருக்கும், அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மின்சாரம் இருக்கும்போது ஓம் அளப்பதில் அர்த்தமில்லை. அதனால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிஷம் காத்திருந்து அளந்தேன். பின்பக்கத்தில் 60.3 ஓம்.

பஸ் பரிபூரண ஆரோக்கியம். ஸ்கேனரும் ஆரோக்கியம். இரண்டும் சேர்ந்தால் மட்டும் பேச்சில்லை. நடுவே மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, அந்தப் பித்தளைக் குழி.

என்னிடம் பழைய ஓபிடி நீட்டிப்பு கேபிள் ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையை வெட்டி, உள்ளேயிருந்த வயர்களை எண் குறித்து ஒரு ஸ்க்ரூ டெர்மினல் கட்டையில் கட்டிவைத்திருந்தேன். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எல்லாக் கேபிளிலும் பதினாறு வயரும் இருக்காது, வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கண்டினியூட்டி (அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்துவிடுங்கள். நிறங்களையும் நம்ப வேண்டாம். அந்தக் கேபிளைப் போர்ட்டின் முன்பக்கத்தில் செருகி, கட்டையில் 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தேன். மீட்டர் எண் எதுவும் காட்டவில்லை. முழுத் திறப்பு. பின்பக்கத்தில் 60, முன்பக்கத்தில் ஒன்றுமில்லை! எது போயிற்று என்று பார்க்க, பின்பக்க ஊசியிலிருந்து கட்டை வரை ஒவ்வொரு பின்னாக: 6 பீப், 4 பீப், 5 பீப், 16 பீப். 14 மௌனம்.

டார்ச்சை நேரே பிடிக்கச் சொல்லிக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மற்ற குழிகளில் இரண்டு பித்தளை நாக்குகள் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நின்றன, நடுவே முடி நுழையும் இடம்தான். 14-இல் நாக்குகள் வாய் பிளந்து இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்ததும் போன வருஷம் ஞாபகம் வந்தது. இதே 14-இல் வோல்டேஜ் பார்க்கிறேன் என்று மீட்டரின் தடித்த முனையை, போகாத இடத்தில், முறுக்கி முறுக்கி உள்ளே தள்ளியவன் நான்தான். முனை உருண்டை, குழி தட்டையான பின்னுக்காகச் செய்தது. அன்று வோல்டேஜ் கிடைத்தது, குழி போனது. அதற்குப் பிறகு இந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாக ஸ்கேனரைச் செருகுகிறேன்.

கனெக்டரை மாற்றத் தேவையில்லை, அந்த ஒரு டெர்மினலை, அதாவது குழிக்குள் இருக்கும் பித்தளைத் துண்டை, வெளியே எடுத்தால் போதும். பேட்டரி ஏற்கெனவே கழன்றிருந்தது. போர்ட் கட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் ஆப்பு, அதுதான் இரண்டாம் பூட்டு. அதைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் அரை மில்லிமீட்டர் நெம்பி வெளியே தள்ளினேன். பிறகு முன்பக்கத்திலிருந்து ஒரு தையல் ஊசியைச் செருகி, டெர்மினலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கியைத் தூக்கிக்கொண்டே, பின்பக்கம் வயரை மெதுவாக இழுத்தேன். இழுத்தது வரவில்லை என்றால் பலம் கூட்டக் கூடாது. வயரை முதலில் உள்ளே தள்ளிக் கொக்கியின் பாரத்தை எடுத்துவிட்டுத் திரும்ப இழுக்க வேண்டும். வந்தது.

நாக்குகளை மெல்லிய இடுக்கியால் அழுத்தினேன். முதல் தடவை ஆர்வம் மிகுந்து, இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டேன். கேபிளிலிருந்து வெட்டிவைத்திருந்த ஆண் பின்னைச் செருகினால் உள்ளேயே போகவில்லை. அப்படியே மாட்டியிருந்தால் ஸ்கேனரைச் செருகும்போது டெர்மினலே பின்னால் தள்ளப்பட்டிருக்கும். மறுபடி பிரித்து, இம்மியளவு இடைவெளி விட்டேன். ஆண் பின்னைச் செருகித் தலைகீழாகப் பிடித்தால் வயரின் எடைக்கு விழாமல் தொங்க வேண்டும், விரலால் இழுத்தால் மட்டும் வழுக்கி வர வேண்டும். மூன்றாவது முயற்சியில் அந்தப் பதம் வந்தது. 14-ஆம் குழியில் செருகினேன், 'டிக்' என்று பூட்டியது. வயரை இழுத்துப் பார்த்துவிட்டு ஆப்பையும் உள்ளே தள்ளினேன்.

கேபிளை மாட்டி அளந்தால் முன்பக்கத்திலும் 60.3. பேட்டரியை இணைத்து, ஸ்கேனரைச் செருகி, சாவியைப் போட்டு, இன்ஜினையும் ஓடவிட்டேன். ஃபோன் ஆப்புக்குப் போவதற்கு முன் கட்டளை எழுதும் திரையில் நேரடியாக 0105 என்று கேட்டுப் பார்த்தேன், இன்ஜின் குளிர்நீரின் வெப்பம். பதில்: 41 05 77. கேள்வியின் 01 பதிலில் 41 ஆகத் திரும்பி வரும், 05 நாம் கேட்ட விஷயம், 77 தான் அளவு. அது பதினாறடிமான எண். 7 தடவை 16, அதோடு 7, ஆக 119. அதிலிருந்து 40 கழித்தால் 79 டிகிரி செல்சியஸ். ஓய்ந்திருந்த போர்ட் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம்.

அப்புறம்தான் எதற்காக இதெல்லாம் தொடங்கினேன் என்ற ஞாபகமே வந்தது. பிழைக்குறியைக் கேட்டேன்: பி0113, உள்ளே போகும் காற்றின் வெப்ப சென்சாரில் வோல்டேஜ் அளவுக்கு மேல். ஃபோன் ஆப்பில் அந்தக் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்றிருந்தது. அதே 40 கழிக்கும் கணக்குதான். மூல எண் பூஜ்யம் என்றால் மைனஸ் 40. சென்சாரின் வயர் திறந்து கிடந்தால் கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் தெரியும்.

பானெட்டைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன் நானே ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி மாட்டியிருந்தேன். ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில், அந்தச் சென்சாரின் கனெக்டர் பாதி செருகிய நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். 'டிக்'.

"இதுக்குத்தானா மாமா?" என்றான் அக்கா மகன். டார்ச்சை அணைக்கச் சொன்னேன்.